சங்கத்து விதியும் அரிஸ்டோட்டிலும்: மெய்யியல் படிச்சது வேலைக்கு உதவுமோ?

கோண்டாவில் இலிகிதர்:

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில மெய்யியல் படிச்சு முடிச்சிட்டு, இப்ப ஒரு சிக்கன கடனுதவு சங்கத்தில இலிகிதரா இருக்கிறன். "உதைப் படிச்சு என்ன பிரயோசனம்?" எண்டு கேக்கிற சொந்தக்காரருக்குப் பதில் சொல்லிக் களைச்சுப்போனன். போன கிழமை அந்தக் கேள்வி எனக்கே வந்திட்டுது.

ஒரு அக்கா வந்தவ. வீட்டில இடியப்பம் அவிச்சுச் சாப்பாட்டுக் கடையளுக்குக் குடுக்கிறா. பிழிஞ்சு பிழிஞ்சு வலது மணிக்கட்டு வீங்கிப்போய் இருக்கு. மெசின் வாங்கக் கடன் வேணுமாம். சேமிப்புப் புத்தகத்தில ஒரு மாதமும் தவறேல்லை. உபவிதிப்படி பிணைக்கு ரெண்டு அங்கத்தவர் வேணும், அவவுக்கு ஒராள்தான். புருசன் இல்லாத வீட்டுக்குப் பிணை நிக்க ஆக்களுக்குப் பயம். நாங்கள் கைவிட்டா, கிழமைக்குக் கிழமை படலையில வந்து நிக்கிற நுண்கடன்காரரிட்டத்தான் போவா. ரெண்டு பிணையும் ஒழுங்கா வச்சுக் கடன் எடுத்திட்டு ஒளிச்சுத் திரியிற ஆக்களின்ர கோவையும் என்ர மேசையிலதான் கிடக்கு.

1958இல எலிசபெத் அன்ஸ்கொம் எண்ட மெய்யியலாளர் எழுதின கட்டுரைக்குப் பிறகுதான் அரிஸ்டோட்டிலின்ர வழியில வந்த நற்பண்பு அறவியல் திரும்பத் தலையெடுத்தது எண்டு விரிவுரையில எழுதினனாங்கள். சரி. 'நல்ல பண்புள்ளவர் என்ன செய்வாரோ அதைச் செய்' எண்டா, செயற்குழுவுக்கு நான் என்னத்தை எழுதிறது?

சுன்னாகத்தான்:

தங்கச்சி, ரெண்டு எண்டா ரெண்டு. அரிஸ்டோட்டில் வந்து தவணை கட்டுவாரோ? வீணா மாட்டுப்படாதேங்கோ.

கல்வேலி (நெடுந்தீவு):

பிள்ளை, நான் மேசன் வேலை செய்தே வயசு போனவன். படிப்பு எட்டாம் வகுப்போட சரி. மகள் மெய்யியல் படிக்கேக்க அவ படுத்தாப் பிறகு நோட்சை எடுத்து வாசிப்பன். விளங்காததை விடியக் கேட்டு அவவைக் கரைச்சல் படுத்துவன்.

அதில ஒரு இடம் எனக்கெண்டே எழுதினமாதிரி இருந்தது. அரிஸ்டோட்டிலின்ர நிக்கோமாக்கிய அறவியல், ஐந்தாம் புத்தகம். சட்டத்தைப் பொதுவாத்தான் எழுதலாம், வாற விசயங்கள் ஒண்டைப்போல ஒண்டு இராது எண்டுறார். எழுதினவன் நினைக்காத ஒண்டு முன்னால வந்தா, அவனே இஞ்ச நிண்டா என்ன சொல்லுவானோ அதைக்கொண்டு குறையை நிரப்பச் சொல்லுறார். அதுக்கு லெஸ்போஸ் தீவுக் கட்டடகாரர் பாவிச்ச ஈயக்கோலைக் காட்டுறார், கல்லின்ர வடிவுக்கு வளைஞ்சு குடுக்கிற அளவுகோல். அவரும் அந்தத் தீவில கொஞ்சக்காலம் இருந்து கடலுயிருகளை ஆராய்ஞ்ச மனுசன். தீவான் எண்டபடியா எனக்கு அதில ஒரு புழுகம்.

எங்கட ஊர் முருகைக்கல் வேலியைப் பாத்திருப்பியள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு. ஒண்டும் மட்டமான கல்லில்லை. கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா, அது குந்துறதுக்கெண்டு ஒரு பக்கம் தெரியும். அந்தப் பக்கத்தால வச்சு, சின்னக்கல்லை அடியில செருகி, ஆட்டிப் பாக்கிறது. ஆனா வளையிறது கல்லுக்குத்தான். வேலி கட்டின நூலிலதான் போகவேணும். நூலை விட்டா அடுத்தவன்ர காணிக்குள்ள போய், பேந்து கோடு கச்சேரி எண்டு அலையிறதுதான்.

உங்கட சங்கத்துக்கு நூல் எது? ரெண்டு கையொப்பமோ, குடுத்த காசு திரும்பி வரவேணும் எண்டதோ? ரெண்டாவதுக்காகத்தான் முதலாவதை எழுதி வச்சவை. கட்டிக் கட்டித்தான் ஒருத்தன் கட்டடகாரன் ஆகிறான், நீதியானதைச் செய்து செய்துதான் நீதிமான் ஆகிறான் எண்டும் அவரே ரெண்டாம் புத்தகத்தில சொல்லுறார். சோதனையில எழுதினதோட அது வந்திடாது, பிள்ளை.

ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்:

கல்வேலி அண்ணை சொன்னது வடிவாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் பாக்கப் போன இடங்களில வளைஞ்ச கோலை நான் கனக்கக் கண்டனான். எல்லாம் ஒரு பக்கத்துக்குத்தான் வளைஞ்சிருக்கும்: தலைவரின்ர மச்சான், அதே கோயிலடி, அதே ஆக்கள். இடியப்பம் விக்கிற அக்காவுக்கு வளைஞ்சதை நான் காணேல்லை.

"கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு", 578ஆவது குறள். கண்ணோட்டத்தை, அதாவது இரக்கத்தை, வள்ளுவர் இல்லறத்தில வைக்கேல்லை. பொருட்பாலில, செங்கோன்மைக்கு மூண்டு அதிகாரம் தள்ளி, அரசாளுறவனுக்குச் சொல்லி வச்சிருக்கிறார். பதவியில இருக்கிறவன்ர இரக்கம் அவன்ர வேலையைக் கெடுக்கப்படாது.

ஆகவே மகள், தனிய முடிவெடுக்காதேங்கோ, இலிகிதருக்கு அந்த அதிகாரமும் இல்லை. செயற்குழுவுக்கு எழுத்தில குடுங்கோ. ரெண்டாம் பிணையை ஏன் விட்டது எண்ட காரணம் கூட்டறிக்கையில ஏறவேணும். நாளைக்கு உங்களுக்குக் கண்ணில காட்டக்கூடாத ஒராள் அதே நிலைமையில வந்தாலும் அந்தக் காரணம் செல்லுமோ எண்டு முதல்ல பாருங்கோ. செல்லாட்டி எழுதாதேங்கோ.

கோண்டாவில் இலிகிதர்:

ஐயா, சேர், ரெண்டு பேருக்கும் நன்றி. இண்டைக்கு உபவிதியைத் திரும்ப வாசிச்சன். 'செயற்குழு ஏற்கும் வேறு பிணை' எண்டு ஒரு வரி கிடக்கு, ஒருத்தரும் பாவிச்சதாத் தெரியேல்லை. அவவிட்ட இடியப்பம் எடுக்கிற கடைக்காரர் ஒராள் எங்கட அங்கத்தவர். அவவுக்குக் குடுக்கவேண்டிய காசில தவணையைப் பிடிச்சு நேர சங்கத்தில கட்டச் சம்மதமோ எண்டு கேக்கப் போறன். ஓம் எண்டா, இதேமாதிரி வேற ஆர் வந்தாலும் குடுக்கலாம் எண்டு சேர்த்தே எழுதுவன்.

சுன்னாகத்தார், அரிஸ்டோட்டில் கட்டமாட்டார். இடியப்பம் கட்டும்.

சேர், கடைக்காரர் தாற கடிதத்துக்கு முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கவேணுமோ, இல்லாட்டி வெறும் கடிதம் காணுமோ? வியாழக்கிழமை கூட்டம்.