தூண்டில்காரங்களுக்குக் குளத்துக் கரையில இடம் உண்டா, இல்லையா?

கரைநடை:
கோயமுத்தூர்ல எங்க பகுதிக் குளத்துக் கரையில தினமும் காலைல நடக்கறவன் நான். (சென்னைக்காரங்க ஏரின்னும் மதுரைப் பக்கத்துக்காரங்க கண்மாய்னும் படிச்சுக்கோங்க.) போன ஞாயிறு சின்ன நீர்க்காகம் ஒண்ணு கருவேலங் கிளையில தலைகீழாத் தொங்கிட்டிருந்துச்சு. இடது றெக்கையில தங்கூஸ் நரம்பு, அதான் தூண்டில்ல கட்டற நைலான் இழை, சுத்தியிருக்கு. வாட்ச்மேன் தொரட்டியால கிளைய வளைச்சார், நான் சாவிக்கொத்துல இருந்த நகவெட்டியால அறுத்தேன். ஏழு சுத்து. என் கட்டைவிரலைக் கொத்திட்டுத் தண்ணில விழுந்து நீந்திப் போயிருச்சு. பறக்கல.

அந்தக் குளத்துல தூண்டிலையே தடை பண்ணணும்ங்கறது என் கட்சி. வயித்துப்பொழப்புக்குப் புடிக்கறவங்களைச் சொல்லல. ரீலும் தொப்பியுமா வர்ற பொழுதுபோக்குக்காரங்களைத்தான் சொல்றேன்.

தக்கை ஆடுது:
அந்தத் தொப்பிக்காரன்ல நானும் ஒருத்தனுங்க. அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில போட்டுட்டு வர்ற ஆள் நான். அதை நீங்க பாத்திருக்க மாட்டீங்க, மரத்துல தொங்கறதுதான் கண்ணுல படும்.

ஒரு நீர்க்காகத்துக்கு இவ்வளவு துடிக்கறீங்களே, சித்திரை மாசம் விடிகாலைல அந்தத் தண்ணியப் பாத்திருக்கீங்களா? சாக்கடை வந்து சேருது, ஆகாயத்தாமரை மூடிக் கெடக்குது. ராத்திரியெல்லாம் செடியும் பாசியும் இருக்கற பிராணவாயுவ இழுத்துக்கும். விடியறப்ப மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்கும். ஒரே ராத்திரில செத்து ஒதுங்கறது ஆயிரக்கணக்குல. என் தூண்டிலுக்கு வருசம் முழுக்கச் சிக்கறது அதுல பத்துல ஒரு பங்கு இருக்காது.

மீன்பாசி வீடு:
ரெண்டு பேரும் ஒரு நிமிசம். அந்தக் குளத்துல மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கற சங்கத்துல எங்கப்பாவும் ஒரு ஆள். பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டு, ராத்திரி டார்ச் லைட்டோட காவல் கெடக்கறது நாங்க. பொழுது விடிஞ்சா ஒரு அண்ணா மூணு கிலோ கட்லாவ நெஞ்சோட அணைச்சு போட்டோ போடறாரு. “விட்டுட்டேன்”னு கீழ ஒரு வரி வேற. பக்கத்துத் தோட்டத்து மாங்காயப் பறிச்சு போட்டோ எடுத்துட்டுத் திரும்பக் காம்புல ஒட்ட வெச்சேன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க.

தக்கை ஆடுது:
அக்கா, கட்லாவுக்கு நான் போறதே இல்லைங்க. மைதா உருண்டை, சின்ன முள், ஜிலேபிக் கெண்டை. அவ்வளவுதான். ஜிலேபிய யாரும் காசு கொடுத்து அந்தக் குளத்துல விடல. 1952-ல வெளியிலிருந்து நம்ம நாட்டுக்குள்ள கொண்டாந்தது, இன்னைக்குச் சாக்கடைத் தண்ணிலயும் தளதளன்னு இருக்குது. உங்க கட்லாக் குஞ்சோட தீனிக்குப் போட்டி போடறதே அதுதான். நான் புடிச்சா உங்களுக்கு லாபம்.

உயிரியல் வாத்தி:
புடிச்சதை என்ன செய்றீங்க?

தக்கை ஆடுது:
விட்டுருவேன் சார்.

உயிரியல் வாத்தி:
அப்ப யாருக்கு என்ன லாபம்?

கண்மாய்க்காரன்:
சிவகங்கைப் பக்கம் நம்ம. எங்கிட்டு மீன்பிடித் திருவிழான்னு ஒண்ணு உண்டு. கோடையில கண்மாய் வத்தி முழங்கால் தண்ணிக்கு வந்ததும் ஊர்ப் பெரியவுக கரையில நின்னு வெள்ளைத் துண்ட வீசுவாக. அம்புட்டுத்தேன், ஊத்தா, கச்சா, வலை, வேட்டி, ஒண்ணுமில்லாதவன் வெறுங்கையின்னு மொத்த சனமும் எறங்கும். சுத்துப்பட்டு ஊர்க்காரவுகளும் வரலாம். சாயங்காலம் எந்தத் தெருவுல போனாலும் மீன் கொழம்பு வாசம்தான்.

புடிச்சா திங்கணும். வாயில முள்ளக் குத்தி இழுத்து, அழகு பாத்துட்டு விடுறது என்ன சீவகாருண்யம்? திங்காத மீனுக்கு எதுக்குய்யா முள்ளு?

தக்கை ஆடுது:
அண்ணே, நீங்க ஒரே நாள்ல ஒரு கண்மாயக் காலி பண்ணுவீங்க, அது திருவிழா. நான் ஈரக் கையால புடிச்சு, முள்ளோட எதிர்க்கொக்கிய இடுக்கியால நசுக்கி வெச்சு, அரை நிமிசத்துல தண்ணில விடறேன், அது கொடுமை!

கண்மாய்க்காரன்:
வெயில்ல காஞ்சு கருவாடாகப் போற மீனைத்தேன் நாங்க எடுக்குறோம் தம்பி. தண்ணி கெடக்கயில எறங்கினா ஊரே வெரட்டும்.

உயிரியல் வாத்தி:
எனக்குத் தூண்டில் மேல பகை இல்லை, சின்ன வயசுல நானும் மண்புழு தோண்டியவன்தான். ஆனால் விரால் விஷயத்துல கோபம் வருது. மழை தொடங்கினதும் விரால் குஞ்சு பொரிக்கும். நீர் மேல செவப்பா ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி நகரும், தாயும் தகப்பனும் அதுக்குக் கீழேயே காவல் நிக்கும். சில பேர் அந்தச் செவப்பைத் தேடிப் பாத்து, நட்ட நடுவுல ரப்பர் தவளைய எறியறாங்க. அது பசிக்குக் கவ்வுறது இல்லை, குஞ்சுக்கு ஆபத்துன்னு பாயுது. கரைக்கு இழுத்து, அளந்து, போட்டோ எடுத்து விடறதுக்குள்ள அங்க ஜிலேபி விருந்தே முடிச்சிருக்கும். பெத்ததை விட்டுட்டேன்னு பெருமை பேசி என்ன, குஞ்சு போச்சே.

தக்கை ஆடுது:
அதுல நான் மறுப்புச் சொல்ல மாட்டேன் சார். ஒரு தடவை நானும் எறிஞ்சிருக்கேன். அப்பறம் எறியல.

காரணம் விரால் இல்லைங்க, ஜிலேபிதான். ஒரு நாள் கைக்குள்ள அடங்கற அளவுல ஒண்ணு மாட்டுச்சு. முள்ளை எடுக்க வாயைத் திறந்தா, உள்ளயிருந்து கடுகு கடுகாக் குஞ்சு கொட்டுது. அது வாயிலதான் அடைகாக்கும்னு படிச்சிருக்கேன், பாத்ததில்லை. பாதி மண்ணுல, பாதி என் செருப்பு மேல. தண்ணிய அள்ளி ஊத்தி ஊத்தித் தள்ளி விட்டேன். எத்தனை பொழைச்சுதோ.

கரைநடை:
நல்லாக் கதை சொல்றீங்க. ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. சாக்கடைக்கு வேற யாரோ பொறுப்புன்னா தங்கூஸுக்கு நீங்கதான பொறுப்பு? நரம்பு மட்டுமா, ஈயக்குண்டும் இருக்கு. அன்னப்பறவைங்க ஈயம் முழுங்கிச் செத்துதுன்னு இங்கிலாந்துல 1987-லயே தூண்டில் ஈயத்துக்குத் தடை போட்டாங்க. நம்ம கரையோரச் சேத்துல எவ்வளவு கெடக்குதோ. கடையில பாக்கெட்டுல போட்டு விக்கறாங்க.

தக்கை ஆடுது:
ஈயம் வேண்டாம், சரிங்க. இரும்பு நட்டு கட்டினாலும் எறங்கும். கொக்கு, நாரை கூடு கட்டற பக்கத்துல தூண்டில் கூடாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். தெக்குக் கரையில மதகுப் பக்கம் நூறடி கொடுங்க. மொத்தமாத் தடைன்னா என்னாகும் தெரியுங்களா? எங்கள மாதிரி பகல்ல வர்றவன் நின்னுருவான். ராத்திரி வர்றவன் நிக்க மாட்டான். தோட்டா போடறதையும் விஷம் கலக்கறதையும் 1897-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. நின்னுதுங்களா?

கரைநடை:
திருடன் ராத்திரி வர்றான்னு பகல்ல கதவைத் திறந்து வெக்கச் சொல்றீங்க.

மீன்பாசி வீடு:
நூறடி கொடுங்க, ஐம்பதடி கொடுங்கன்னு ரெண்டு பேரும் பங்கு போடறீங்க, குத்தகை யார் பேர்ல இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. தூண்டில் போடணும்னா சங்கத்துல வந்து எங்கப்பாகிட்டக் கேளுங்க. காசு வாங்கிட்டுச் சீட்டுக் கொடுப்பாரு, இல்ல நாலு வார்த்தை கொடுப்பாரு. ரெண்டுக்கும் தயாரா வாங்க.

அப்பறம், நாளைக்கு விடியக்காலம் வலை இழுக்கறோம். மீன் வேணுங்கறவங்க மதகுகிட்டப் பாத்திரத்தோட வாங்க, பிளாஸ்டிக் பை தர மாட்டோம்.

கரைநடை:
அறுந்த வலைத் துண்டையும் கரையில போடாதீங்கம்மா.

மீன்பாசி வீடு:
அது அப்பாவுக்கும் சொல்ல வேண்டியதுதான். சொல்றேன்.

தக்கை ஆடுது:
அக்கா, ஜிலேபி இருக்குங்களா?

மீன்பாசி வீடு:
வலையில பாதி அதுதான்.