பொறியியல் படிக்கக் கல்விக் கடன் தேவைதானா?

வைகைக்கரை:
கடன் வாங்காமல் பொறியியல் படிக்க முடியாது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும் கட்டணச் சலுகை உண்டு. இவற்றை விட்டுவிட்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவதற்காகக் கடன்படுவது எப்படித் தேவையாகும்?

பொருநை:
அந்தச் சலுகைகள் எல்லோருக்கும் எட்டுவதில்லை, ஐயா. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளை மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்த ஆட்டோ ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும் அவள் 7.5 விழுக்காட்டுக்குள் வரமாட்டாள். அண்ணன் பட்டதாரி என்றால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காத வங்கிக் கடனை மறுத்தால், அந்த வீட்டுக்கு மிஞ்சுவது அடகுக் கடையும் கந்துவட்டியும்தான்.

வைகைக்கரை:
அதே 4 லட்சத்தைக் கணக்கிடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சமாக, 10 விழுக்காடு தனிவட்டியில் பெற்றால், நான்காண்டுப் படிப்பும் தவணை தொடங்காத அடுத்த ஓராண்டும் முடியும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் ஆகிவிடும். அதை அசலோடு சேர்த்துப் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை 7,100 ரூபாயைத் தாண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் சென்னையில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளை எதைக் கட்டுவான், எதைச் சாப்பிடுவான்?

பொருநை:
அந்த வட்டி ஏறியே தீர வேண்டும் என்பதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை ஒன்றிய அரசு செலுத்தும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அதைப் பெற, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ, படிப்பின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரமோ இருக்கிறதா என்று சேருமுன் பார்த்து, வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் வங்கியில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல்தான் பலர் இழக்கிறார்கள். வரம்பைத் தாண்டியவர்களும் முதலாண்டில் மாதம் 833 ரூபாய் கட்டிவந்தாலே அவ்வாண்டு வட்டி அசலில் ஏறாது.

வைகைக்கரை:
வட்டி மானியம் பெரும் உதவிதான், மறுக்கவில்லை. ஆயினும் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடுகிறது. தந்தை இணைக் கடனாளி என்பதால் நிலுவை விழுந்தால் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சரிகிறது. ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கல்விக் கடனை வரியோடு பிடிக்கிறார்கள். இங்கும் அப்படி ஓர் ஏற்பாடு வரட்டும். அதுவரை, கலந்தாய்வில் கிடைக்கும் அரசுக் கல்லூரி இடத்தையே முதலில் எடுக்கச் சொல்வேன்.

பொருநை:
அரசுக் கல்லூரி கிடைத்தால் நானும் அதையே சொல்வேன். கிடைக்காத பிள்ளையைத்தான் வங்கிக்கு அனுப்புகிறேன்.