புதுப்பிப்பு: எங்கள் பள்ளி ஓட்டக்காரர்கள்

குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி 800 மீட்டரில் முதலாவதாக வந்த அக்காவைப் பற்றியும், குண்டு எறிந்த அண்ணனைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆனார்கள் என்று பலர் கேட்டீர்கள். விசாரித்துவிட்டேன். அக்கா விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்து, இப்போது காவல்துறையில் இருக்கிறார். அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டார். நெல் வியாபாரம், நன்றாகவே இருக்கிறார்.

“திறமை இருந்தால் தானாக மேலே வரலாம்” என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியிலோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்! மேலே போனாலும் நிச்சயமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அதைப் பறித்தார்கள். பிறகு அவர் பயிற்சியாளரானார்.

அப்புறம், பழைய குழுப்படத்தைக் கேட்டவர்களுக்கு: அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.