மறுமொழி: ஹஸார்ட், ரிஸ்க் இரண்டுக்கும் தமிழ்

அன்பின் நண்பர்களுக்கு,

ஹஸார்ட் (hazard), ரிஸ்க் (risk) இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில், முந்தைய மடலில் மட்டக்களப்பு நண்பர் கேட்டது இது:

> ஹஸார்டுக்கு ஆபத்து, ரிஸ்க்குக்கு அபாயம். இரண்டும் சனத்துக்குத் தெரிந்த சொல். இதுக்கு மேல ஏன் மினக்கெடுவான்?

சனத்துக்குத் தெரிந்திருப்பதுதான் இங்கே சிக்கல். மின்மாற்றிக் கம்பத்தில் அபாயம் என்று இருந்தாலும் ஆபத்து என்று இருந்தாலும் நாம் ஒரே மாதிரித்தான் விலகி நடப்போம். ஆங்கிலத்திலும் தெருப்பேச்சில் ஹஸார்டும் ரிஸ்க்கும் ஒன்றின் இடத்தில் மற்றது வரும். அனர்த்தம், சுகாதாரம் போன்ற துறைக்குள் போனால்தான் பிரியும். ஒரே பொருளுள்ள சொற்கள் இரண்டை எடுத்து 'இது இதற்கு, அது அதற்கு' என்று பங்கு வைத்தால், கலைச்சொற் பட்டியலைத் திறக்காமல் எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் அது நினைவுக்கு வராது.

துறைக்குள் ஹஸார்ட் என்பது தீங்கு செய்யக்கூடிய பொருள் அல்லது நிலைமை. ரிஸ்க் என்பது அந்தத் தீங்கு யாருக்கு, எவ்வளவு வாய்ப்போடு, எவ்வளவு கடுமையாக நேரும் என்ற கணிப்பு. சரியக்கூடிய மலைச்சரிவு ஆளில்லாக் காட்டில் கிடந்தாலும் ஹஸார்ட்தான். உயிருக்கு ரிஸ்க் அநேகமாக இல்லை. அதன் அடியில் லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) கட்டிக் குடிவைத்தால் மலை மாறாமலே ரிஸ்க் ஏறிவிடும். 2014 ஒக்டோபர் 29இல் மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. 'ஆபத்தான மலை' என்று எழுதிவிட்டால் பழி மழையோடு முடிந்துவிடும். அந்த இடத்தில் ஆட்கள் ஏன் குடியிருக்க நேர்ந்தது என்ற கேள்வி ரிஸ்க்கைப் பிரித்துச் சொன்னால்தான் எழும்.

சுகாதாரச் செய்திகளில் இது இன்னும் மோசமாகக் குழம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஒக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதலாம் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் அதே தொகுதியில் இருக்கிறது. உடனே சொசேஜ் தின்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்று என்று உலகமெல்லாம் பேச்சு. அந்தத் தொகுதிகள் ஹஸார்டைப் பற்றியவை: புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும் சொல்பவை. எவ்வளவு தின்றால் எத்தனை பேருக்கு வரும் என்பது ரிஸ்க். அதில் இரண்டும் கிட்டவும் நிற்காது. தமிழில் இரண்டுக்கும் 'ஆபத்து' என்றே போட்டால் இதை விளக்க வழியில்லை.

கொழும்பில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. நம் கைக்கு வரும் ஆவணங்களில் பல முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டவை. ரிஸ்க்குக்குச் சிங்களம் 'அவதானம'. தமிழில் அவதானம் என்றால் கவனம். (கவனத்துக்குச் சிங்களத்தில் 'அவதானய' வேறாக இருக்கிறது, கேட்க ஏறத்தாழ ஒன்றுதான்.) பின்னேரம் நாலு மணிக்கு, களைத்த கண்ணோடு இருப்பவர் கையில் அந்தச் சொல் அப்படியே தமிழுக்குள் வழுக்கி வரக்கூடும்.

சென்னையிலிருந்து எழுதிய அம்மா ஹஸார்டுக்கு 'இடர்' போதும் என்கிறார். அங்கே பேரிடர் என்ற சொல் ஊன்றிவிட்டதால் அது பொருந்தலாம். இங்கே இலங்கையில் டிசாஸ்டருக்கு அனர்த்தம் என்று ஆகிவிட்டது. இடர் என்றால் ஏற்கெனவே வந்து சேர்ந்த கஷ்டம். 'இடர் வலயம்' என்று வரைபடத்தில் போட்டால் வெள்ளம் வந்து போன இடம் என்றுதான் கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவைக்காரர் வாசிப்பார்.

ரிஸ்க்குக்குப் புதுச்சொல் வேண்டாம். மத்திய வங்கியில் 'இடர்நேர்வு முகாமைத்துவம்' என்று ஒரு திணைக்களமே இருக்கிறது. வங்கிக்குள் அடைபட்ட சொல்லை மலைக்கும் மருத்துவத்துக்கும் அழைத்து வந்தால் போதும். நேர்வு என்ற பகுதியிலேயே 'நேரலாம்' என்ற கணக்கு அடங்கியிருக்கிறது.

ஹஸார்டுக்கு நான் முன்வைப்பது: ஏதம். தீங்கு என்ற பொருளில் வரும் பழைய சொல். குறள் 136இல் 'ஏதம் படுபாக்கு அறிந்து' என்று வருகிறது. அங்கே ஏதம் இன்னும் வரவில்லை. ஒழுக்கம் தவறினால் வரக்கூடியதை அறிந்துதான் உரவோர் (மனவலிமை உள்ளவர்கள்) அதிலிருந்து வழுவாமல் நிற்கிறார்கள். நமக்கு வேண்டிய சாயல் அதுதான். கூட்டுச்சொல்லும் இலேசாக அமைகிறது: மண்சரிவு ஏத வலயம், ஏத வரைபடம், ஏதமறிதல், ஏதக்கழிவு. கடைசிச் சொல் காதுக்கு அவ்வளவு இனிக்கவில்லை, ஆனால் 'அபாயகரமான கழிவுப்பொருட்கள்' என்ற நீளத்தை விட மேல்.

'சேதம் என்பதன் அச்சுப்பிழை என்று நினைப்பார்களே' என்ற ஆட்சேபம் நியாயமானது. முதல் சில வருடம் அப்படித்தான் நடக்கும். ஒப்புநோக்குபவர் திருத்தியும் விடுவார்! ஆனாலும் ஏதமுள்ள இடமெல்லாம் சேதம் வராது என்று வகுப்பில் ஒருமுறை சொன்னால் பிள்ளைகளுக்குப் பதிந்துவிடும்.

வல்னரபிலிட்டியை (தீங்கு எளிதில் தாக்கக்கூடிய நிலையை) இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், அதற்கு ஊறுபடுநிலை, நலிவுநிலை என்று வந்த பரிந்துரைகளைத் தனியாகப் பார்ப்போம். இரசாயன ஆய்வுகூடங்களில் இருப்பவர்கள் ஒரு போத்தல் லேபிளை ஏதம், இடர்நேர்வு இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்து, எந்த வரி இடறுகிறது என்று இங்கே இடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து