பிரேக் பிடித்துக்கொண்டு விடாதபோது: வண்டி ஆறுவதற்குள் செய்ய வேண்டிய சோதனை

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் இறுகும் கோளாறுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வண்டி ஆறியதும் அது மறைந்துவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சக்கரம் தாராளமாகச் சுற்றும். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். அல்லது சந்தேகத்தின் பேரில் பேட், அதை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவார். இறுகியிருக்கும் நேரத்திலேயே, நின்ற இடத்திலேயே சோதித்தால் எதையும் மாற்றாமல் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

என்னுடையது முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் உள்ள பழைய பெட்ரோல் கார். ஒரு பட்டறையில் வேறு பூஸ்டர் (பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) மாட்டிய பிறகு ஊருக்குள் எந்தக் குறையும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டினால்தான் வண்டி கனமாகும், ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும், பெடலில் வழக்கமான ப்ளே இல்லாமல் தொட்டதுமே பிடிக்கும். கடைசியில் பேட் கருகும் வாடை வரும். அதே பட்டறையில் முன் காலிப்பர்கள் இரண்டையும் மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. இரு பக்கமும் ஒரே அளவில் சூடானதைக் கவனித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. இரண்டு காலிப்பர்கள் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி இறுகுவது அரிது. அப்படி நடந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரும் வழியில், தருமபுரியைத் தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்பாக வண்டி நகர மறுக்கும் அளவுக்கு இறுகியது. சாலையோரப் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "சார், ஆற விடாதீங்க, தண்ணியும் ஊத்திடாதீங்க" என்றார். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது வளையவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. என்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்துப் பூஸ்டர் விசையைக் கூட்டப் பயன்படுத்தும் வேக்குவத்தைத் தீர்த்தார், அப்போதும் விடவில்லை; ஆகவே அந்தக் கூடுதல் விசை காரணமில்லை. அதன் பிறகு, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, சிலிண்டரை முன்னோக்கி மெல்ல இழுத்தார். மூடி திறந்திருந்த ஆயில் டப்பாவின் அடியிலிருந்து பிரேக் ஆயில் சிறு ஊற்றாகக் கொப்பளித்து எழுந்தது; மறுகணமே முன் சக்கரம் கையால் தள்ளியதும் சுற்றியது.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பெடல் முழுவதும் திரும்பிய நிலையில் மட்டும் திறந்திருக்கும் ஊசித்துளை ஒன்று உண்டு. சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். புதிதாக மாட்டிய பூஸ்டரில், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட் சற்றே நீளமாக இருந்ததால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் அந்தத் துளையை மூடியே வைத்திருந்தது. ஆயில் விரிய விரிய அழுத்தம் ஏறும். அழுத்தம் பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துப் பிடிக்கும். அந்த உராய்வில் ஆயில் இன்னும் சூடாகும். ஆறியதும் ஆயில் சுருங்கி எல்லாம் சரியாகிவிடும் என்பதால்தான் பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை. புஷ் ராடின் நுனித் திருகை உள்ளே திருப்பி, பிஸ்டனைத் தொடாமல் மிகச் சிறிய இடைவெளி இருக்கும்படி வைத்ததோடு கோளாறு தீர்ந்தது.

அதன் பிறகும், டிஸ்க் நன்றாக ஆறும்வரை அவர் என்னைக் கணவாயில் இறங்க விடவில்லை. அந்த எச்சரிக்கை மிகச் சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவை 230, 155. இறுகிச் சூடேறிய பிரேக்கில் பழைய ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும்; விடாமல் பிடித்த பிரேக்கே அடுத்த இறக்கத்தில் பிடிக்காத பிரேக்காகிவிடும்.

ஒரே சக்கரம் மட்டும் பிடித்தால் சோதனை வேறு. என் மைத்துனரின் சரக்கு வேன் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போனது. சூடு ஓரளவு தணிந்து, ஆனால் பிரேக் விடுவதற்கு முன்பாக, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளை (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகை) தளர்த்தியபோது ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டது. ஆகவே காலிப்பர் நன்றாக இருக்கிறது, அழுத்தம்தான் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தது. மறுமுறை இறுகியபோது, ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தியபோது சக்கரம் விடவில்லை. வெளியே விரிசல்கூட இல்லாத அந்த ஹோஸின் உட்புறம் வீங்கி, பெடலின் அழுத்தத்துக்கு வழிவிட்டு, திரும்பி வரும் ஆயிலை மட்டும் தடுத்திருந்தது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால், துருப்பிடித்த பிஸ்டன், காய்ந்துபோன காலிப்பர் பின் (காலிப்பர் நகரும் கம்பி), பின் சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிப்பிளைத் திறந்த வண்டியில் ஏர் எடுத்து முடிக்காமல் சாலையில் ஏறக் கூடாது.

நண்பர் ஒருவரின் காரில் காரணம் எளிதாக இருந்தது: பெடல் திரும்பி வந்து முட்டும் ஸ்டாப் லைட் சுவிட்சை மாற்றியவர் அதை அதிகமாக உள்ளே திருகியதால் பெடல் முழுவதும் திரும்பவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது தவறான ஆயில். பக்கத்துத் தெருவில் ஒருவரின் காரில் யாரோ பிரேக் ஆயில் டப்பாவில் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். டப்பா மூடியின் ரப்பர் நெளிந்து, பள்ளத்தில் மீண்டும் பொருந்தாத அளவுக்கு வீங்கியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர்களும் அப்படித்தான் வீங்கி இறுகியிருந்தன. சந்தேகம் வந்தால் டப்பாவிலிருந்து சில துளிகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: டாட் 3, டாட் 4 ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், என்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் போன்றவை மிதக்கும். மிதந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், குழாய்களைக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசிச் சக்கரம் வரை ஆயில் தொட்ட ரப்பர் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.