விளிம்பில் வெல்டிங் ஓட்டினால் ரிவெட் கப்பல் பிழைக்குமா? (பீக்கிங்கை முன்வைத்து)

கடற்காகம்: ஹாம்பர்க்கில் நிற்கும் 'பீக்கிங்' என்ற பழைய பாய்மரக் கப்பல் பற்றி நேற்று ஒருவர் உருகி எழுதியிருந்தார். 1911இல் புளோம் & ஃபோஸ் கட்டிய நான்கு பாய்மரங்கள் கொண்ட 'பார்க்' வகைக் கப்பல், சிலி நைட்ரேட் ஏற்றியது, நியூயார்க்கில் துருவேறிக் கிடந்தது, 2017இல் டாக் கப்பலில் (கப்பலையே சுமக்கும் கப்பல்) ஏற்றிக் கொண்டுவந்தார்கள், 2020 செப்டம்பரில் ஹாம்பர்க் திரும்பியது. எல்லாம் சரி. 2.6 கோடி யூரோவில் ஆரம்பித்த செலவு 3.8 கோடிக்குப் போனதே, அதுதான் எனக்கு எரிச்சல். ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலையுள்ள ஆணி) அடித்த உடம்பை இப்படிப் பூஜிக்க வேண்டியதே இல்லை. தகட்டின் மேல் தகடு ஏறும் விளிம்பில் வெளியிலிருந்து ஒரு வெல்டிங் ஓட்டினால் கசிவு நிற்கும். இனி தென் அமெரிக்கத் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றப் போகிறதா என்ன?

நங்கூரச்சங்கிலி: இதைவிட மோசமான யோசனையை இந்த ஆண்டு படிக்கவில்லை. வெல்டிங் சூட்டில் தகடு விரியும், ஆறும்போது சுருங்கும். பக்கத்து ரிவெட்டுகளைப் பிடித்து வைத்திருப்பதே இழுவிசைதான். சிவக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறிச் சுருங்கி இரண்டு தகட்டையும் கவ்வுகிறது, அந்தக் கவ்வலை நீங்கள் தளர்த்துகிறீர்கள். ஒரு விளிம்பை அடைத்தால் அடுத்த வரிசை ஒழுகும். அதற்கும் வெல்டிங். இப்படியே மூக்கிலிருந்து வால்வரை போவீர்களா?

கடற்காகம்: ஒழுகும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். துண்டு துண்டாக, பின்னோக்கி ஓட்டினால் சூடு பரவாது.

நங்கூரச்சங்கிலி: குறையும், பரவாமல் இருக்காது. அது போகட்டும், இரண்டு தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்புக்குள்ளே இருக்கும் துருவை யார் எடுப்பார்? துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வெளியே அடைத்துவிட்டால் உள்பக்கத்து ஈரம் அதே மடிப்பில் வேலை செய்துகொண்டே இருக்கும். தகடு உப்பும், ரிவெட் தலை தெறிக்கும். விளிம்பில் வெல்டிங் கூடாது, கூடாது, கூடாது.

மாலுமி_மகன்: ஹாம்பர்க்கில் அமைதியாக மிதக்கிற கப்பலுக்கு இவ்வளவு ரிவெட் பக்தி தேவையா?

நங்கூரச்சங்கிலி: அமைதியா? அங்கே எல்பே ஆற்று ஓதம் ஒவ்வொரு தடவையும் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்து கறுப்பு வண்ணப் பக்கத் தகட்டைக் காய்ச்சும். நூறு மீட்டருக்கு மேல் நீளமான உடம்பு, அசையாமலா இருக்கும்?

சரியான வேலை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அல்ட்ராசோனிக் கேஜால் (ஒலி அலையால் தடிமன் அளக்கும் கருவி) தகட்டுத் தடிமனைக் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். பிறகு சுத்தியலால் ஒவ்வொரு ரிவெட்டையும் தட்டி, தலையின் மறு ஓரத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்தது அதிரும். அதன் தலையைச் சீவி, தண்டை வெளியேற்றி, மடிப்பைத் திறந்து, பிளாஸ்டிங் செய்து (மணல் போன்ற துகளை வேகமாக வீசித் துருவை நீக்கி), பிரைமர் பூசு. துளைகள் நேராக இல்லையென்றால் ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போடு, ஆப்பு அடித்து இழுக்காதே. மூன்று நான்கு துளைக்கு ஒரு போல்ட் போட்டு இடைவெளி இல்லாமல் இறுக்கு. ரிவெட்டைப் பளிச்சென்று ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சு. பொறி பறந்தால் அது கருகிவிட்டது, தூக்கி எறி. உள்ளே ஒருவர் டாலியை (ரிவெட் தலையைத் தாங்கும் கனமான இரும்பு) அழுத்திப் பிடிக்க, வெளியே துளையின் சரிவு நிரம்பும்படி அடி. ஆறியபின் தகட்டு விளிம்பை உளியால் இறுக்கு.

கடற்காகம்: பாடம் எடுக்கிறீர்கள். இத்தனை ஆயிரம் ரிவெட்டுக்கு ஆள் எங்கே? அடுத்த முறை டாக்கில் ஏற்றும் வரைக்கும் ஒழுகட்டும் என்று விடுவீர்களா?

நங்கூரச்சங்கிலி: ஆள் இல்லை என்பதற்காகத் தவறான வேலை சரியாகிவிடாது. புதுத் தகடு வெல்டிங் போட்டே ஆக வேண்டுமென்றால், இருபக்கமும் போதுமான தூரம் ரிவெட்டுகளைக் கழற்றிவிட்டு, வெல்டிங் ஆறிய பிறகே திரும்ப அடிக்க வேண்டும். அதிலும் அந்தக் காலத்து எஃகில் கந்தகம் அதிகமாக இருக்கலாம், தகட்டுக்குள் அடுக்கு பிளந்திருக்கலாம். முதலில் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் வெல்டிங் ராடைத் தொட்டாலே குற்றம்.

தென்றல்வாடை: நீங்கள் போன மாதம் பாமிர் (பீக்கிங் போன்ற இன்னொரு பாய்மரக் கப்பல்) பேச்சிலும் இதே பிடிவாதம்தான். 1957இல் பாமிர் மூழ்கியதற்கும் துருதான் காரணம் என்று ஒருவர் சொன்னபோது அவரை ஓட ஓட விரட்டினீர்கள்.

நங்கூரச்சங்கிலி: விரட்டியது சரிதான், இன்றும் விரட்டுவேன். பார்லியை மூட்டை கட்டாமல் பெரும்பகுதி அப்படியே கொட்டியிருந்தார்கள், கப்பலைச் சமநிலையில் வைக்கும் பாரத்தண்ணீர் நிற்க வேண்டிய தொட்டியிலும் பார்லி. புயலில் சரக்கு சரிந்தது. 86 பேரில் 6 பேர் பிழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பஸ்ஸாட் என்ற இன்னொரு பாய்மரக் கப்பலிலும் பார்லி சரிந்தது, அது லிஸ்பனுக்குத் தப்பி வந்தது. நைட்ரேட் காலத்தில் மூட்டைகளைப் பிரமிடு மாதிரி அடுக்கிய கைகள் இருந்தன, அந்த அறிவு போனதுதான் பிரச்சினை.

மாலுமி_மகன்: அப்போ பஸ்ஸாட்டை மட்டும் ஏன் எல்லோரும் மறக்கிறார்கள்? டிராவெமுண்டேயில் நிற்கிற அதுவும் 1911தான், அதே கட்டுத்துறை. பீக்கிங் பீக்கிங் என்று ஒரே கூச்சல்.

தென்றல்வாடை: 1926இல் கட்டிய படுவா என்ற கப்பல்தான் உண்மையான உயிர்! குரூசென்ஷ்டெர்ன் என்ற பெயரில் பாய் விரித்தே ஓடியது. கட்டிப்போட்ட கப்பலை எல்லாம் அதோடு ஒப்பிடாதீர்கள்.

மாலுமி_மகன்: ரஷ்யக் கொடி ஏறிய கப்பலை லைஸ் (இவற்றைக் கட்டவைத்த ஹாம்பர்க் நிறுவனம்) கப்பல் என்று கொண்டாடுவீர்கள், பஸ்ஸாட் கண்ணுக்குத் தெரியாது!

கடற்காகம்: பேச்சை மாற்றிவிட்டீர்கள். என் கேள்வி விளிம்பு வெல்டிங். ஒழுகாமல் நின்றால் போதும் என்கிறேன்.

நங்கூரச்சங்கிலி: ஒழுகாமல் நிற்காது என்று நான்கு தடவை எழுதிவிட்டேன். ஐந்தாவது தடவையும் எழுதுகிறேன்: மடிப்பைத் திறக்காமல் விளிம்பில் வெல்டிங் கூடாது.

கடற்காகம்: நீங்கள் ஐம்பது தடவை எழுதினாலும் துண்டு துண்டாக ஓட்டினால் நிற்கும்.