வால்வைக் கழற்றி எறிந்தால் ஆம்னி கொதிக்காதா?

வேளச்சேரி_வேன்:
நேற்று ஒருவர், கத்திப்பாரா நெரிசலில் நின்றால் தன் 1999 மாருதி ஆம்னி வேனின் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தார். அதற்கு புதுப்பேட்டை_ஸ்பேனர் சொன்ன பதில்: "சென்னை வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு? கழற்றி எறியுங்கள்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் வண்டி வால்வில் 82 என்று குத்தியிருக்கிறது. இன்ஜினுக்குள் சுற்றும் தண்ணீர் 82 டிகிரி ஆனால்தான் அது திறந்து, தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு விடத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில்கூட சென்னையில் 42, 43தான். வெயிலுக்கும் அந்த வால்வுக்கும் என்ன சம்பந்தம்?

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
தம்பி, நான் ஆம்னியில் கை வைக்க ஆரம்பித்தது 1995-இல். எத்தனை வால்வு கழற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு வண்டியும் கொதித்துத் திரும்பி வந்ததில்லை. நீங்கள் நம்பரைப் படிக்கிறீர்கள். நான் வண்டியைப் பார்த்தவன்.

வேளச்சேரி_வேன்:
அனுபவத்தை மதிக்கிறேன் அண்ணே. கேட்டதற்குப் பதில் வரவில்லையே? 82.

வால்வு கெட்டுவிட்டதா என்று பார்க்க எறிய வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள். அதன் வாயில் ஒரு நூலை நுழைத்தால் வால்வே நூலைக் கவ்விக்கொள்ளும். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலோடு உள்ளே தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அடுப்பை மூட்டுங்கள். திறக்கும் நேரத்தில் வால்வு நூலை விட்டுவிட்டு 'டொக்' என்று அடியில் விழும். போன ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் 83-இல் விழுந்தது. தண்ணீர் கொதித்தும் விழாவிட்டால் அது செத்த வால்வு, புதிது வாங்குங்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
அடுப்பில் திறந்த வால்வு ரோட்டில் திறக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? திண்டிவனம் போகிற வழியில், குடும்பம் பின்னால் உட்கார்ந்திருக்க, வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால்? இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளையும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போகும். கழற்றினால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். எது பெரிய செலவு?

ஓஎம்ஆர்_மணல்:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். தண்ணீர்! எங்கள் பக்கத்து போர் தண்ணீரை பக்கெட்டில் ஒரு வாரம் வைத்தாலே வெள்ளையாகக் கறை படிகிறது. அதையே ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய் அடைக்காமல் என்ன செய்யும்? கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
போன வருஷம் கார்புரேட்டர் பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து பெட்ரோல் டேங்கைக் கழுவச் சொன்னீர்கள். அந்த ஆளுக்கு ஒரு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம்.

ஓஎம்ஆர்_மணல்:
டேங்கிலிருந்து துரு வந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள். அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

வேளச்சேரி_வேன்:
துருவை அப்புறம் பேசலாம். அண்ணே, "கொஞ்சம் பெட்ரோல்" என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். வால்வு இல்லாத இன்ஜின் காலையில் சூடாகவே நேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துவிட்டே ஓட்ட வேண்டும். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். இதெல்லாம் செலவு இல்லையா? அதோடு கேட்டவர் சொன்ன குணமே வேறு. நின்றால் சூடு, ஓடினால் ஆறுகிறது என்றால் முதலில் ஃபேனைத்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் அடிக்க வேண்டும். வால்வு மூடிச் சிக்கியிருந்தால் மவுன்ட் ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தாலும் கொதித்திருக்கும். இது தெரியாமலா 1995-லிருந்து கழற்றுகிறீர்கள்?

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். உங்கள் வயசுக்கு இது அதிகம்.

கத்திப்பாரா_1999:
சார், கேட்டவன் நான்தான். முன் சீட்டைத் தூக்கி இன்ஜின் மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன். ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்தேன், சுற்றுகிறது. ஆனால் முள் மேலே ஏறியபோது தானாகச் சுற்றவில்லை. ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி வால்வையும் கழற்றிவிட்டேன். அது கையில் இருக்கிறது.

பாடி_பாலம்:
அப்படியென்றால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, சூடு ஏறினால் ஃபேனைத் தானாக ஓடவிடும் ஃபேன் சுவிட்ச் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஓஎம்ஆர்_மணல்:
உள்ளே என்ன தண்ணீர் இருந்தது? நிறம் என்ன? அதைச் சொல்லவே இல்லையே.

வேளச்சேரி_வேன்:
வால்வில் என்ன நம்பர் இருக்கிறது என்று முதலில் படியுங்கள். நூலைக் கவ்வவிட்டு அடுப்புத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். திறந்தால் புது கேஸ்கெட் வைத்துத் திரும்ப மாட்டிவிடுங்கள். எறியாதீர்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
மாட்டாதீர்கள். அது இல்லாமலே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வேளச்சேரி_வேன்:
ஃபேன் சுற்றாத வண்டியை ஒரு மாதம் ஓட்டச் சொல்கிறீர்களா? கத்திப்பாராவில் அரை மணி நேரம் நின்றால் என்ன ஆகும்? அண்ணே, நான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். வெயில் 43, வால்வு 82. பதில் சொல்லுங்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
பதிலை 1995-லேயே சொல்லிவிட்டேன்.

கத்திப்பாரா_1999:
சார், நாலு மணிக்கு வண்டி வேண்டும். மாட்டவா, வேண்டாமா?